மாணவர் கைகளில் மலரும் பொறியியல்

எங்கள் ஊராகிய அனகாபுத்தூருக்கு இரண்டு ஓசைகள் உரியவை. ஒன்று தறியின் ஓசை. மற்றொன்று மீனம்பாக்கம் விமான நிலையத்தில் இறங்க வரும் விமானத்தின் ஓசை. தறியின் ஓசை முன்போல் இல்லை. ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு தறிகள் ஓடின என்றும், இங்கு நெய்த மதராஸ் கைக்குட்டைத் துணி நைஜீரியா நாட்டுக்குக் கப்பலேறியது என்றும் எங்கள் பாட்டிமார் பெருமையோடு சொல்வார்கள். இன்று எஞ்சியிருக்கும் நெசவாளர் சிலர் வாழைநார், அன்னாசிநார், சணல் முதலியவற்றால் சேலை நெய்து ஊருக்குப் பெயர் தேடித் தருகிறார்கள். விமானத்தின் ஓசையோ குறையவே இல்லை. கணக்குப் பாடம் நடக்கும்போது தலைக்கு மேல் விமானம் தாழப் பறந்தால், ஆசிரியை பேச்சை நிறுத்திக்கொண்டு, அது கடந்து சென்றபின் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்!

தறியும் ஒரு பொறியே. விமானமும் ஒரு பொறியே. தறியை நம் வீட்டார் இயக்குகிறார்கள். விமானத்தையும் செயற்கைக்கோளையும் யாரோ எங்கோ செய்கிறார்கள் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். அந்த 'யாரோ' சில கிலோமீட்டர் தொலைவில் படிக்கும் அக்காமாரும் அண்ணன்மாருமாகவும் இருக்கலாம் என்பது இவ்வாண்டில்தான் எங்களுக்குப் புரிந்தது. புரிய வைத்தது எங்களுடைய தோல்வி ஒன்று. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறோம்.

ஒலிக்காத மணி

2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அடையாற்றில் பெருவெள்ளம் வந்து நம் ஊரின் தாழ்ந்த பகுதிகளுக்குள் புகுந்தது. அப்போது நாங்கள் பால்வாடி வயதுக் குழந்தைகள். எனினும் வீட்டில் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி அந்த இரவு எங்களுக்கும் நினைவில் பதிந்துவிட்டது. "தண்ணீர் வருவது தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்சம் முன்னதாகக் கிளம்பியிருப்போமே" என்பதே எல்லோரும் சொன்ன சொல். எனவே இவ்வாண்டு அறிவியல் கண்காட்சிக்கு வெள்ள எச்சரிக்கை மணி செய்வது என்று நாங்கள் அறுவர் தீர்மானித்தோம்.

அமைப்பு மிக எளியது. ஒரு தொட்டியின் ஓரத்தில், குறிப்பிட்ட உயரத்தில், இரண்டு கம்பி முனைகள் ஒன்றையொன்று தொடாமல் இருக்கும். தண்ணீர் அந்த உயரத்தை எட்டியதும் அதன் வழியே மிகச் சிறிதளவு மின்சாரம் பாயும். அச்சிறு மின்சாரத்தால் மணியை ஒலிக்க வைக்க முடியாது. ஆனால் இடையில் ஒரு டிரான்சிஸ்டரை வைத்தால், அது மதகுக் கதவைப் போலத் திறந்து, பேட்டரியின் பெரிய மின்னோட்டத்தை மணிக்கு அனுப்பும். வகுப்பறையில் பத்து முறை சோதித்தோம். பத்து முறையும் ஒலித்தது.

கண்காட்சி நாளன்று பெற்றோரும் விருந்தினரும் சூழ்ந்து நிற்க, தொட்டியில் தண்ணீர் ஊற்றினோம். கம்பிகள் மூழ்கின. மணி ஒலிக்கவில்லை! இன்னும் ஊற்றினோம். தொட்டி வழிந்து மேசை விரிப்பெல்லாம் நனைந்ததே தவிர, மணி வாய் திறக்கவில்லை. எங்கள் கண்களில் நீர் ததும்பியது. எங்களுள் ஒருத்தியின் தந்தை, "இதெல்லாம் உங்களுக்கு எதற்கம்மா? படிக்கிற வேலையைப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அவர் கோபமாகச் சொல்லவில்லை, அன்போடுதான் சொன்னார். அதனால்தான் அதிகம் வலித்தது.

அறிவியல் ஆசிரியையான சகோதரி மட்டும் எங்களைத் தேற்றவும் இல்லை, கடிந்துகொள்ளவும் இல்லை. "ஏன் ஒலிக்கவில்லை?" என்று மட்டும் கேட்டார். எங்களுக்கு விடை தெரியவில்லை. அடுத்த சனிக்கிழமை, பொறியியல் கல்லூரி ஒன்றின் மாணவர் மன்றத்தைச் சேர்ந்த மூவரைப் பள்ளிக்கு வரவழைத்தார். அவர்களுள் இருவர் பெண்கள். இறுதியாண்டு அக்கா ஒருவர் எங்கள் கருவியைத் திருப்பிப் பார்த்து, ஒவ்வொரு இணைப்பையும் ஊக்கின் முனையால் மெல்லத் தொட்டார். ஓரிடத்தில் கம்பி ஆடியது. சால்டர் சரியாக உருகிப் பிடிக்காத இணைப்பு அது. மேசைமீது அசையாமல் இருந்தவரை வேலை செய்தது. வகுப்பறையிலிருந்து மண்டபத்துக்குத் தூக்கிவந்த ஆட்டத்தில் விட்டுப்போயிற்று.

"ஒரு மாடிப்படி இறங்கியதற்கே இப்படி ஆகிவிட்டது பார்த்தீர்களா? ராக்கெட்டில் ஏறினால் என்ன ஆகும்? அதனால்தான் செயற்கைக்கோளை விண்ணுக்கு அனுப்புமுன் அதிர்வு மேசையில் வைத்து ஆட்டு ஆட்டென்று ஆட்டிப் பார்ப்பார்கள்" என்றார் அந்த அக்கா. "மாணவர்கள் செய்யும் செயற்கைக்கோளையுமா?" என்று வியந்து கேட்டோம். அன்று தொடங்கி நாங்கள் கேட்டும் படித்தும் அறிந்தவற்றைத்தான் கீழே தொகுத்துத் தருகிறோம்.

மாணவர் பொறியியல் மன்றம் என்றால் என்ன?

கல்லூரியில் வகுப்பும் தேர்வும் உண்டு என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் பாடத்தில் படித்ததைக் கையால் செய்து பார்க்கும் ஆவல் கொண்ட மாணவர்கள், வகுப்பு முடிந்தபின் தாமாகவே கூடி ஒரு பொருளை உருவாக்க முனைகிறார்கள். அதுவே மாணவர் பொறியியல் மன்றம். கார், எந்திர மனிதன், ஆளில்லா விமானம், செயற்கைக்கோள் என்று ஒவ்வொரு குழுவும் ஒன்றை எடுத்துக்கொள்ளும். ஆசிரியர்கள் வழிகாட்டுவார்கள், செய்பவர்கள் மாணவர்களே. முதலாண்டு மாணவர் கருவிகளை எடுத்துக் கொடுத்து வேலை பழகுவார். மூன்றாமாண்டில் அவரே பிறருக்குக் கற்றுக் கொடுப்பார். தறிப்பட்டறையில் சிறுவர்கள் நூல் சுற்றத் தொடங்கிப் பின்னர் தறியில் அமர்வதைப் போன்றதே இது.

சென்னை ஐ.ஐ.டி.யில் இதற்கென்றே பழைய மாணவர்களின் பொருளுதவியோடு 2008இல் புத்தாக்க மையம் ஒன்று தொடங்கப்பட்டது. அங்குப் பல மன்றங்களும் போட்டிக் குழுக்களும் இயங்குகின்றன. காற்றை வெளியேற்றிய குழாய்க்குள் மிகு வேகத்தில் செல்லும் 'ஹைப்பர்லூப்' ஊர்தியை ஆராயும் 'ஆவிஷ்கார்' குழு, 2019இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நடந்த உலகப் போட்டியில் கலந்துகொண்டது.

குரோம்பேட்டை தந்த பாடம்

ஆனால் நமக்கு மிக அருகில் உள்ள உதாரணம் குரோம்பேட்டையில் இருக்கும் எம்.ஐ.டி. என்னும் மதராஸ் தொழில்நுட்ப நிறுவனமே. பம்மலைக் கடந்து பல்லாவரம் சென்று, ஜி.எஸ்.டி. சாலையில் தாம்பரம் நோக்கித் திரும்பினால் வந்துவிடும். திரு. சி. இராஜம் என்னும் பெருந்தகை இதனை 1949இல் நிறுவினார். இந்நிறுவனம் 1978 முதல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமாக உள்ளது.

முன்னாள் குடியரசுத் தலைவர் டாக்டர் அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்தது இங்கேதான். கல்லூரியில் சேர்வதற்கு வேண்டிய பணம் வீட்டில் இல்லாதபோது, அவருடைய தமக்கை சொஹ்ரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்து உதவினார். பறப்பதிலிருந்து ஓய்வுபெற்ற பழைய விமானங்கள் இரண்டு கல்லூரியில் வைக்கப்பட்டிருந்தன. மற்ற மாணவர்கள் விடுதிக்குச் சென்றபின்னும் கலாம் அவற்றின் அருகே நெடுநேரம் அமர்ந்திருப்பாராம்.

அங்குப் படித்தபோது நண்பர்களோடு சேர்ந்து தாழப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை வடிவமைக்கும் பணி அவருக்குக் கிடைத்தது. வேலை மெதுவாக நடப்பதைக் கண்ட பேராசிரியர் சீனிவாசன், "மூன்று நாளில் முடிக்காவிட்டால் உதவித்தொகை நிறுத்தப்படும்" என்று கூறிவிட்டார். உதவித்தொகை நின்றால் படிப்பே நின்றுவிடும். கலாம் இரவு உணவையும் மறந்து வரைபலகையின்முன் நின்று, உரிய நேரத்தில் வடிவமைப்பை முடித்தார். கல்லூரித் தமிழ்ச் சங்கம் நடத்திய போட்டியில், நம் விமானத்தை நாமே செய்வோம் என்ற கருத்தைத் தமிழில் கட்டுரையாக எழுதி முதற்பரிசும் பெற்றார். பரிசை வழங்கியவர் ஆனந்த விகடன் ஆசிரியராக இருந்த தேவன் அவர்கள். பொறியியலைத் தாய்மொழியில் சிந்திக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

கலாம் படித்த அந்த வளாகத்திலிருந்தே பின்னாளில் ஒரு செயற்கைக்கோள் விண்ணுக்குச் சென்றது. அதன் பெயர் 'அனுசாட்'. இஸ்ரோவின் வழிகாட்டுதலோடு அண்ணா பல்கலைக்கழகம் உருவாக்கிய அது 40 கிலோ எடை கொண்டது. 2009ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-12 ராக்கெட் அதைச் சுமந்து சென்றது. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று உருவாக்கிய முதல் செயற்கைக்கோள் என்ற பெருமை அதற்கு உண்டு.

எம்.ஐ.டி.யில் வளர்ந்த 'தக்‌ஷா' என்னும் ஆளில்லா விமானக் குழுவும் குறிப்பிடத் தக்கது. 2018இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் மருத்துவ உதவிக்கான ஆளில்லா விமானப் போட்டி நடைபெற்றது. எளிதில் சென்றடைய முடியாத இடத்திலிருக்கும் நோயாளிக்கு உதவ விமானம் தானாகச் சென்றுவர வேண்டும் என்பதே அதன் நோக்கம். அதில் தக்‌ஷா குழு இரண்டாம் இடம் பெற்றது. நடிகர் அஜித்குமார் இக்குழுவுக்கு ஆலோசகராக இருந்தார் என்பது நம் தோழியர் பலருக்குத் தெரிந்திருக்கும். அந்த விமானம் எதற்காகப் பறந்தது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லதன்றோ!

கைக்குள் அடங்கும் செயற்கைக்கோள்

செயற்கைக்கோள் என்றதும் அரசாங்கங்கள் மட்டுமே செய்யக்கூடிய மிகப் பெரிய பொருள் என்று நினைக்கிறோம். அவ்வாறு அன்று. 1961ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாளே, அமெரிக்காவின் வானொலி ஆர்வலர் குழு ஒன்று ஓய்வு நேரத்தில் தாமே செய்த 'ஆஸ்கார்-1' விண்ணில் செலுத்தப்பட்டது. ராக்கெட்டில் சமநிலைக்காக வைக்கப்படும் வெற்று எடைக்குப் பதிலாக இதை வைத்து அனுப்பினார்கள்! மோர்ஸ் தந்தி மொழியில் 'ஹாய்' என்று சொல்லிக்கொண்டே அது பூமியைச் சுற்றியது.

1999இல் அமெரிக்கப் பேராசிரியர்களான ஜோர்டி புய்க்-சுவாரி, பாப் ட்விக்ஸ் ஆகிய இருவரும், மாணவர்கள் செய்யத்தக்க செயற்கைக்கோளுக்கு ஓர் அளவு வகுத்தனர். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்து சென்டிமீட்டர். எடை ஏறத்தாழ ஒரு கிலோ. 'கியூப்சாட்' எனப்படும் இது நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியைவிடச் சிறியது. அளவு ஒன்றாக இருப்பதால், எந்த நாட்டு மாணவர் செய்ததும் எந்த ராக்கெட்டிலும் பெரிய செயற்கைக்கோளின் ஓரத்தில் இடம்பிடித்துச் செல்லலாம்.

அதற்குள் என்னென்ன இருக்கும்? எலும்புக்கூடு போன்ற உலோகச் சட்டம். வெளிப்புறத்தில் சூரிய மின்கலங்கள். நிழலில் செல்லும்போது உதவும் பேட்டரி. மூளையாகிய சிறு கணினி. பூமியோடு பேசும் வானொலிக் கருவி. எந்தத் திசையை நோக்கியிருக்கிறோம் என்றறியும் உணரிகள். இவற்றோடு, எதை ஆராயச் செல்கிறதோ அதற்கான கருவி. மாணவர்கள் இப்பகுதிகளைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஒரு குழு எடையைச் சற்றுக் கூட்டினால் மற்றொரு குழு குறைக்க வேண்டும். ஆகவே விட்டுக்கொடுத்தலும் இங்கே ஒரு பாடமாகிறது.

செயற்கைக்கோள் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றும். தரையிலுள்ள நிலையத்தின் மேல் கடந்து செல்லும் பத்து நிமிட அளவில்தான் அதனோடு பேச முடியும். வெயிலில் சுடும், நிழலில் உறையும். பழுதானால் ஏறிச்சென்று திருத்த இயலாது. எனவேதான் வெப்பத்திலும் வெற்றிடத்திலும் வைத்து முன்கூட்டியே சோதிக்கிறார்கள். அதிர்வு மேசையிலும் ஏற்றுகிறார்கள். எங்கள் மணியை நாங்கள் ஒருமுறையாவது ஆட்டிப் பார்த்திருந்தால்!

தென்சென்னைப் புறநகரில் மட்டும் இத்தகைய முயற்சிகள் வேறு இரண்டு உள்ளன. காட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழக மாணவர்கள் உருவாக்கிய 'எஸ்.ஆர்.எம்.சாட்' 10.9 கிலோ எடையுடையது. 2011 அக்டோபர் 12ஆம் நாள் பி.எஸ்.எல்.வி. சி-18 மூலம் சென்றது. பழைய மாமல்லபுரம் சாலையிலுள்ள சத்யபாமா பல்கலைக்கழகத்தின் 'சத்யபாமாசாட்' ஒன்றரைக் கிலோதான். 2016 ஜூன் 22ஆம் நாள் பி.எஸ்.எல்.வி. சி-34 சுமந்து சென்ற 20 செயற்கைக்கோள்களுள் அதுவும் ஒன்று. புவியை வெப்பமாக்கும் வாயுக்களைக் கண்காணிப்பதே இவ்விரண்டின் நோக்கம்.

எழுநூற்றைம்பது மாணவியரின் கதை

இம்முயற்சிகள் கல்லூரி மதிலுக்குள்ளேயே நின்றுவிடுவதில்லை. பள்ளிகளுக்குச் சென்று கற்றுக்கொடுப்பதும் மன்றங்களின் பணியாகிறது. ஐ.ஐ.டி.யில் 2000ஆம் ஆண்டு தொடங்கி நடக்கும் 'சாஸ்த்ரா' என்னும் தொழில்நுட்ப விழாவை முன்னின்று நடத்துபவர்களும் மாணவர்களே. கற்றவர் கற்பிக்க, கேட்டவர் செய்து பார்க்க, இவ்விதம் ஒரு விளக்கிலிருந்து மற்றொரு விளக்கு ஏற்றப்படுகிறது.

பள்ளி மாணவியரே செயற்கைக்கோள் செய்த நிகழ்ச்சியும் உண்டு. சென்னையைச் சேர்ந்த 'ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா' என்னும் அமைப்பு, நாடெங்கும் உள்ள 75 அரசுப் பள்ளிகளிலிருந்து 750 மாணவியரைச் சேர்த்து 'ஆசாதிசாட்' என்பதை உருவாக்கியது. மதுரை மாவட்டம் திருமங்கலம் அரசுப் பெண்கள் பள்ளி மாணவியரும் அதில் பங்கு கொண்டனர். 2022 ஆகஸ்டு 7ஆம் நாள் எஸ்.எஸ்.எல்.வி. என்னும் புதிய சிறிய ராக்கெட் தன் முதற் பயணத்தில் அதை ஏற்றிச் சென்றது. ஆனால் இரண்டாம் நிலை பிரிந்தபோது ஏற்பட்ட அதிர்வு, ராக்கெட்டின் உணரிகளைக் கண நேரம் குழப்பிவிட்டது. அதனால் செயற்கைக்கோள்கள் உரிய பாதையை அடையவில்லை. 750 பேரின் உழைப்பு சிறிது நேரத்தில் வீணாயிற்று.

இதைப் படித்தபோது எங்களுக்கு எங்கள் மணியின் நினைவு வந்தது. மிகப் பெரிய விஞ்ஞானிகளின் ராக்கெட்டுக்கும் ஆறு சிறுமியரின் மணிக்கும் பகை ஒன்றே: அதிர்வு!

பின்னர் என்ன நடந்தது? இஸ்ரோ காரணத்தைத் தேடிக் கண்டறிந்து திருத்தியது. மாணவியரின் செயற்கைக்கோளும் மறுபடி உருவாக்கப்பட்டது. ஆறே மாதத்தில், 2023 பிப்ரவரி 10ஆம் நாள், அதே வகை ராக்கெட்டில் 'ஆசாதிசாட்-2' 450 கிலோமீட்டர் உயரத்தில் தன் பாதையை அடைந்தது.

பெண்களுக்கு ஏற்றதா?

"இதெல்லாம் உங்களுக்கு எதற்கம்மா?" என்ற கேள்விக்கு விடை சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க எங்களுக்கு மனமில்லை. அடுத்த ஆண்டு பதினொன்றாம் வகுப்பில் எந்தப் பிரிவை எடுப்பது என்ற பேச்சு எங்கள் வீடுகளில் இப்போதே தொடங்கிவிட்டது. எனவே இது எங்களுக்கு வெறும் கேள்வியன்று.

சென்னையில் பிறந்த அ. லலிதா என்பவருக்குப் பதினைந்து வயதில் திருமணம் நடந்தது. அதாவது இன்று எங்களுக்கு இருக்கும் வயதில்! பதினெட்டு வயதில், கையில் நான்கு மாதக் குழந்தையோடு கணவரை இழந்தார். அக்காலத்தில் அத்தகைய பெண்ணுக்கு வீட்டின் மூலையே உலகம். ஆனால் அவர் படிக்க விரும்பினார். கிண்டி பொறியியற் கல்லூரியில் பேராசிரியராக இருந்த அவருடைய தந்தை பப்பு சுப்பாராவ், தம் மகளுக்கு அக்கல்லூரியில் இடம் கேட்டார். முதல்வர் கே.சி. சாக்கோ இசைந்தார். ஆடவர் மட்டுமே பயின்ற அக்கல்லூரியில் 1940இல் சேர்ந்த லலிதா, 1943இல் மின்பொறியியல் பட்டம் பெற்று, இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களுள் ஒருவரானார். பட்டச் சான்றிதழில் 'அவன்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லே அச்சிடப்பட்டிருந்ததாம். அதை அடித்துவிட்டு 'அவள்' என்று கையால் திருத்தித் தந்தார்கள். பிற்காலத்தில் பக்ரா நங்கல் அணைக்கட்டின் மின்பாதை வடிவமைப்பில் அவர் பங்கு கொண்டார்.

அவரோடு அங்குப் படித்த கேரளப் பெண்கள் லீலாம்மா ஜார்ஜ், பி.கே. திரேசியா ஆகிய இருவரும் கட்டடப் பொறியியல் பயின்றனர். திரேசியா 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளராக உயர்ந்தார்.

லலிதாவின் உறுதி பெரிது. ஆனால் கல்லூரிக் கதவருகே சென்று மகளுக்காகக் கேட்ட தந்தையும், திறந்துவிட்ட முதல்வரும் இல்லாவிட்டால் அவ்வுறுதி என்னவாகியிருக்கும்? கலாமுக்குத் தமக்கையின் வளையல் கிடைத்ததுபோல, லலிதாவுக்குத் தந்தையின் துணிவு கிடைத்தது. நம் அன்புள்ள பெற்றோர் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

நாம் செய்யக்கூடியது

அந்த அக்கா விடைபெறும்போது, "ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். என்ன செய்தீர்கள், என்ன ஆயிற்று, ஏன் ஆயிற்று என்று மூன்று கட்டம் போட்டு எழுதுங்கள். தவறியதை மறைக்காமல் எழுதுங்கள்" என்று சொல்லிச் சென்றார். இப்போது நாங்கள் அறுவரும் சனிக்கிழமை தோறும் சகோதரியின் மேற்பார்வையில் ஆய்வுக்கூடத்தில் கூடுகிறோம். இணைப்புகளைப் புதிதாக வைத்தோம். மணியை முடித்தபின் ஒரு பையில் போட்டு, மாடிப்படியில் பத்து முறை ஏறி இறங்கினோம். பார்த்தவர்கள் சிரித்தார்கள். மணி ஒலித்தது!

அன்று, "உங்களுக்கு எதற்கம்மா?" என்று கேட்ட தந்தையின் வீட்டில் இன்னும் ஒரு தறி இருக்கிறது. மகள் அவரிடம் எங்கள் நோட்டைக் காட்டினாள். எந்த இணைப்பு விட்டுப்போயிற்று, எப்படிக் கண்டுபிடித்தோம் என்று எழுதியிருந்த பக்கத்தை அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு, "பாவில் இழை அறுந்தால் நாங்களும் இப்படித்தான் தேடுவோம். எந்த இழை என்று கண்டுபிடித்து முடிச்சுப் போடாமல் மேலே ஓட்டினால் துணி முழுவதும் கெட்டுவிடும்" என்றாராம். பதினொன்றாம் வகுப்பைப் பற்றி அவர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமை மகளைத் தாமே சைக்கிளில் கொண்டுவந்து பள்ளி வாயிலில் விட்டுச் சென்றார்.

அன்புத் தோழியரே, பொறியியல் என்பது தவறே செய்யாதவர்களின் கலை அன்று. அறுந்த இழையைப் பொறுமையாகத் தேடிக் கண்டு, முடிச்சிட்டு, மீண்டும் ஓட்டுபவர்களின் கலை. அது நம் ஊருக்குப் புதிதல்ல. நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருந்து வருவதுதான். சனிக்கிழமை ஆய்வுக்கூடத்தின் கதவு திறந்திருக்கும். எட்டாம், ஒன்பதாம் வகுப்புத் தங்கைமாரே, நீங்களும் வாருங்கள்!

— பத்தாம் வகுப்பு மாணவி